கதிரியக்கக் கழிவைக் கல்லாக்குவது எப்படி? சிமென்டும் பாலிமரும் சேர்ந்த ஒரு முழு வழிகாட்டி

நான்காம் நாள் காலையில் ஜாடியைத் திறந்தால் உருளையைக் காணோம். அடியில் சாம்பல் நிறச் சேறு, அதன்மேல் மீன் முட்டை போலப் பொன்னிற மணிகள். 28 நாள் பதப்படுத்திய சிமென்ட் உருளை அது. அதே கலவையில் வார்த்த இன்னொன்றை முந்தின வாரம்தான் நசுக்கிப் பார்த்திருந்தேன். நல்ல வலுவோடுதான் இருந்தது. அப்படிப்பட்டது தண்ணீரில் நான்கு நாள் தாங்கவில்லை.

தப்பு சிமென்டில் இல்லை, என்னிடம்தான். உள்ளே போட்ட கழிவு அயனி பரிமாற்ற ரெசின், அதாவது அணு உலை நீரைச் சுத்திகரிக்கும் பிளாஸ்டிக் மணிகள். எடை போட வசதியாக இருக்கட்டும் என்று அதை உலர்த்திப் போட்டிருந்தேன். உலர்ந்த ரெசின் தண்ணீரைக் கண்டால் கொண்டைக்கடலை மாதிரி ஊதும். கல்லுக்குள் அடைபட்டிருந்தாலும் ஊதும். அந்த அழுத்தத்துக்கு முன்னால் சிமென்ட் ஒன்றும் இல்லை.

அன்றிலிருந்து நான் கலவையில் தொடங்குவதில்லை, கழிவில் தொடங்குகிறேன். இந்த வழிகாட்டியும் அந்த வரிசையில்தான் போகும்.

தொடங்கும் முன்

இங்கே சொல்வது எல்லாம் கதிரியக்கம் இல்லாத மாதிரிக் கழிவை வைத்துச் செய்வது. சீசியம் குளோரைடு, ஸ்ட்ரான்ஷியம் நைட்ரேட், கோபால்ட் நைட்ரேட் ஆகிய மூன்று சாதாரண உப்புகள் போதும். கதிர் வீசும் சீசியமும் வீசாத சீசியமும் வேதியியலில் ஒரே மாதிரிதான் நடந்துகொள்ளும். எனவே கலவையை வடிவமைக்கும் வேலையில் பெரும்பகுதியைச் சாதாரண ஆய்வகத்திலேயே முடித்துவிடலாம். உண்மையான கழிவைத் தொடுவது உரிமம் பெற்ற இடங்களில் மட்டுமே. இந்தியாவில் 1987-ஆம் ஆண்டின் கதிரியக்கக் கழிவு விதிகளும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியமும் அதைக் கட்டுப்படுத்துகின்றன. ஆனால் கதிர் இல்லை என்பதற்காக அலட்சியம் வேண்டாம். கோபால்ட் உப்பு நஞ்சு, ஈரச் சிமென்ட் தோலை அரிக்கும், ஸ்டைரீன் ஆவி தலையைச் சுற்ற வைக்கும். கையுறை, முகக்கவசம், புகைபோக்கிப் பெட்டி மூன்றும் கட்டாயம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எரிபொருள் மறுசுத்திகரிப்பில் வரும் உயர்நிலைக் கழிவுக்கு இந்த வழி ஆகாது. அது வெளியிடும் வெப்பத்துக்கும் கதிருக்கும் சிமென்டும் தாங்காது, பாலிமரும் தாங்காது. அதைக் கண்ணாடியாக உருக்குவார்கள். தாராப்பூரிலும் கல்பாக்கத்திலும் நடப்பது அதுதான். நம் வேலை குறைந்தநிலை, இடைநிலைக் கழிவோடு.

படி 1: கழிவின் ஜாதகம்

நான்கு கேள்விக்குப் பதில் தெரியாமல் மூட்டையைப் பிரிக்காதீர்கள்: என்ன உப்பு, எவ்வளவு தண்ணீர், பி.எச். எவ்வளவு, எந்த ஐசோடோப்பு.

கடைசிக் கேள்வி காலக்கணக்கைத் தீர்மானிக்கிறது. கோபால்ட்-60 என்றால் அரைவாழ்வு 5.27 ஆண்டு, ஒரு தலைமுறைக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். சீசியம்-137, ஸ்ட்ரான்ஷியம்-90 இரண்டுக்கும் சுமார் 30 ஆண்டு. பத்து அரைவாழ்வு கடந்தால், அதாவது 300 ஆண்டில், ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிச்சம் இருக்கும். தரைக்கு அருகில் புதைக்கும் கிடங்குகளுக்கு 300 ஆண்டுக் காவல் என்று பேசுவது இதனால்தான். டெக்னீஷியம்-99 போன்றவற்றின் அரைவாழ்வு 2 லட்சம் ஆண்டுக்கும் மேல். அங்கே கணக்கே வேறு.

உப்புதான் சண்டைக்காரன். கூடங்குளத்தில் இருப்பது போன்ற அழுத்த நீர் உலைகளின் முதன்மைச் சுற்று நீரில் போரிக் அமிலம் உண்டு. நீரை ஆவியாக்கிய பின் மிஞ்சும் கெட்டிக் கரைசலில் அது செறிந்து நிற்கும். அந்த அமிலத்தின் உப்பான போரேட், சிமென்ட் துகளைச் சுற்றித் தோல் மாதிரி படிந்து, உள்ளே தண்ணீர் போகாமல் தடுக்கும். மறுநாள் பார்த்தாலும் கலவை தோசை மாவாகவே இருக்கும். சுண்ணாம்பு சேர்த்துப் போரேட்டை முன்கூட்டியே கட்டிவிடலாம், அல்லது சல்ஃபோஅலுமினேட் வகைச் சிமென்டுக்கு மாறலாம்.

சல்ஃபேட் அதிகம் என்றால் பிரச்சினை தலைகீழ். கலவை இறுகும், பிறகு உள்ளே எட்ரிங்கைட் படிகம் வளர்ந்து மெல்லப் பிளக்கும். அலுமினியம், மெக்னீசியம் போன்ற உலோகத் துண்டுகள் சிமென்டின் காரத்தில் அரிக்கப்பட்டு ஹைட்ரஜனைக் கக்கும். இங்கிலாந்தின் செல்லாஃபீல்டில் மேக்னாக்ஸ் எரிபொருளின் மெக்னீசிய உறைச் சீவல்களை 1990 முதல் 500 லிட்டர் துருப்பிடிக்காத எஃகு டிரம்களில் சிமென்டோடு பல ஆண்டுகள் அடைத்தார்கள். அங்கே வெறும் சிமென்டைப் போடாமல் இரும்பு ஆலையின் ஊதுலைக் கசடு மூன்று பங்கு, சிமென்ட் ஒரு பங்கு என்ற அளவில் கலந்தார்கள். சூடு குறையும், அரிப்பும் மெதுவாகும்.

ரெசினைப் பற்றி மேலே சொல்லிவிட்டேன். ஈரமாகவே, முழுதாக ஊறிய நிலையில்தான் போட வேண்டும். அதற்கு முன் சோடியம் அல்லது கால்சியம் வடிவத்துக்கு மாற்றி நிரப்பிவிடுங்கள். இல்லையென்றால் சிமென்டில் இருக்கும் கால்சியத்தை அதுவே பிடுங்கிக்கொள்ளும்.

படி 2: யார் பிடிப்பது, யார் அடைப்பது

சிமென்ட் ஏன் நல்ல பூட்டு? அதன் துளைநீரின், அதாவது நுண்துளைகளில் நிற்கும் நீரின், பி.எச். 12.5-க்கு மேல். அந்தக் காரத்தில் கோபால்ட் ஹைட்ராக்சைடாக வீழ்படிந்துவிடும். ஸ்ட்ரான்ஷியம் கால்சியத்தின் தம்பி மாதிரி. சிமென்ட் பசைக்குள் ஓரளவு இடம் பிடித்து உட்கார்ந்துகொள்ளும்.

சீசியம் அப்படி இல்லை. சோடியம், பொட்டாசியத்தின் குடும்பம் அது. சிமென்டில் எதோடும் வீழ்படியாது, துளைநீரில் நீந்திக்கொண்டே இருக்கும். வழி கிடைத்தால் வெளியே வந்துவிடும். எனவே அதைப் பிடிக்கத் தனியாக ஓர் ஆள் வேண்டும், அயனியைப் பிடித்துவைக்கும் கனிமங்களான ஜியோலைட், பென்டோனைட், வெர்மிகுலைட் ஆகியவற்றில் ஒன்று. இவற்றில் கிளினாப்டிலோலைட் என்ற இயற்கை ஜியோலைட் சீசியத்தின்மேல் தனிப் பிரியம் கொண்டது.

டெக்னீஷியம் இருந்தால் ஊதுலைக் கசடு. அது டெக்னீஷியத்தை வேதியியல் முறையில் ஒடுக்கி, கரையும் வடிவத்தைக் கரையாத வடிவமாக மாற்றிவிடும். அமெரிக்காவின் சவன்னா ரிவரில் உப்புக் கரைசலைக் கல்லாக்கிய கலவையின் உலர்பொடியில் நீண்ட காலம் கசடு 45, அனல்மின் நிலையச் சாம்பல் 45, சிமென்ட் வெறும் 10 விழுக்காடுதான் இருந்தது. சிமென்ட் கலவை என்று சொல்லக்கூடக் கூச்சமாக இருக்கும்.

இவ்வளவு செய்தும் ஒரு குறை நிற்கிறது. இறுகிய சிமென்ட் பார்வைக்குத்தான் கல், உள்ளே அது நுண்துளைகள் நிறைந்த பஞ்சு. தண்ணீர் உள்ளே போகும், வெளியே வரும். அந்தத் துளைகளை அடைக்கத்தான் பாலிமர். சிமென்ட் பிடிக்கும், பாலிமர் அடைக்கும். பாலிமருக்கு அயனியை வேதியியலாகப் பிடிக்கத் தெரியாது, அது வெறும் சுவர். பாலிமர் போட்டாயிற்றே என்று ஜியோலைட்டை விட்டுவிட்டால் கசிவுச் சோதனையில் மாட்டிக்கொள்வீர்கள்.

படி 3: எந்தப் பாலிமர்

முதலில் லேட்டக்ஸ். மொட்டை மாடி ஒழுகலுக்கு மேஸ்திரி சிமென்டில் கலக்கும் பால் போன்ற திரவம் தெரியும் அல்லவா, எஸ்.பி.ஆர். என்று விற்பார்கள். அதேதான். ஸ்டைரீன்-பியூட்டாடைஈன் ரப்பர்த் துகள்கள் நீரில் மிதக்கின்றன. நீர் வற்ற வற்ற அவை ஒட்டிக்கொண்டு துளைச் சுவர்களில் படலமாகப் படியும். சிமென்ட் எடையில் 5 முதல் 20 விழுக்காடு வரை சேர்க்கலாம். புதிதாகத் தொடங்குபவர்கள் இதையே எடுக்கச் சொல்வேன். விலை மலிவு, தவறு செய்தால் மன்னிக்கும்.

இரண்டாவது வழி ஊடுருவல். சிமென்ட் கட்டியை இறுக விட்டு, அதன் துளைகளுக்குள் ஸ்டைரீன் அல்லது மெதில் மெத்தக்ரிலேட்டை ஊறவைத்து, வெப்பத்தாலோ காமா கதிராலோ உள்ளேயே கெட்டியாக்குவது. 1970-களில் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகம் கதிரியக்க ஹைட்ரஜனான ட்ரிஷியம் கலந்த நீரை அடைக்க இதைச் செய்தது. ட்ரிஷியம் நீராகவே இருக்கும் என்பதால் சிமென்டின் நுண்துளைகளை மூடினால் ஒழிய அது நிற்காது. கசிவைக் குறைப்பதில் இந்த முறை அபாரம். ஆனால் ஒரே டிரம்முக்கு இரண்டு முறை வேலை.

மூன்றாவது, சிமென்டே இல்லாமல் பாலியெஸ்டர், வினைல் எஸ்டர் அல்லது எப்பாக்சி. ரெசின் கழிவுக்கு இது பொருத்தம். சிமென்டில் ரெசினின் பங்கு உலர் எடையில் 10 விழுக்காட்டைத் தாண்டும்போதே கவலை தொடங்கும். பாலிமரில் பாதி வரை போகலாம். பிரான்சில் மின்நிலையங்களின் ரெசினை எப்பாக்சியில் அடைக்க நடமாடும் எந்திரங்களே உண்டு. பாலியெஸ்டர் வேதியியல் நம் கடற்கரையில் ஃபைபர் படகு கட்டுகிறவர்களுக்கு அத்துப்படி: கோபால்ட் நாஃப்தனேட் முடுக்கி, எம்.இ.கே.பி. என்ற பெராக்சைடு கடினமாக்கி. அவர்களிடம் இருக்கும் எச்சரிக்கை இங்கேயும் பொருந்தும். இந்த இரண்டையும் நேரடியாக ஒன்றோடு ஒன்று கலக்கவே கூடாது, வெடிக்கும். ஒன்றைப் பாலியெஸ்டரில் நன்றாகக் கரைத்த பிறகே மற்றதைச் சேர்க்க வேண்டும். எப்பாக்சியில் வேறு ஒரு தொல்லை: அமிலநிலையில் இருக்கும் ரெசின் மணிகள் அமின் கடினமாக்கியை விழுங்கிவிடும், கலவை இறுகாது. முதலில் சோடியம் ஹைட்ராக்சைடால் மணிகளை நிரப்பிவிட்டால் தீர்ந்தது.

கதிருக்கு எது தாங்கும்? பென்சீன் வளையம் உள்ள பாலிமர்கள் தாங்கும். கதிரின் ஆற்றலை வளையம் வாங்கிப் பரப்பிவிடும். பாலிஸ்டைரீனில் பிறக்கும் ஹைட்ரஜன், பாலிஎத்திலீனோடு ஒப்பிட்டால் மிகச் சொற்பம். மெத்தக்ரிலேட்டில் சங்கிலியே அறுபடும். நான் ஸ்டைரீன் பக்கம் சாய்வதற்கு இதுதான் காரணம்.

பிட்டுமென் பற்றியும் கேட்பார்கள். தாரை உருக்கிக் கழிவைக் கலக்கும் முறை பல நாடுகளில் நன்றாகவே ஓடியது. ஆனால் 1997 மார்ச் 11 அன்று ஜப்பானின் தோக்கை நிலையத்தில் அப்படி நிரப்பிய டிரம்கள் தீப்பிடித்து, அன்று இரவே கூடம் வெடித்தது. 37 பணியாளர்களுக்குக் கதிரியக்கத் துகள் உடலுக்குள் போனது. நைட்ரேட்டும் கரிமப் பொருளும் சூடும் ஒரே இடத்தில் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அது பாடம். 2014 பிப்ரவரியில் அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோ நிலத்தடிக் கிடங்கில் அதே பாடம் திரும்ப வந்தது. நைட்ரேட் உப்புக் கழிவில் ஈரம் உறிஞ்சக் களிமண் வகைப் பூனை மணலுக்குப் பதில் கோதுமையால் செய்த பூனை மணலைப் போட்டுவிட்டார்கள். ஒரு டிரம் உள்ளேயே சூடாகித் திறந்துகொண்டது. கிடங்கு ஏறத்தாழ மூன்று ஆண்டு மூடிக் கிடந்தது. எனவே நைட்ரேட் நிறைந்த கழிவுக்கு எந்தப் பாலிமரையும் சூடாக்கிக் கலக்கும் யோசனை வந்தால், முதலில் வெப்பப் பகுப்பாய்வு செய்து பார்த்துவிட்டுத்தான் அடுத்த அடி.

படி 4: கலவை

ஒரு கிலோ சிமென்டுக்கான அளவு சொல்கிறேன். 53 கிரேடு சிமென்ட் 1000 கிராம், ஜியோலைட் பொடி 100 கிராம், லேட்டக்ஸ் 200 கிராம், மொத்தத் தண்ணீர் 400 கிராம்.

இங்கேதான் எல்லாரும் சறுக்குவார்கள். லேட்டக்ஸில் ஏறக்குறைய பாதி தண்ணீர்தான். 200 கிராம் லேட்டக்ஸ் என்றால் 100 கிராம் ரப்பர், 100 கிராம் தண்ணீர். எனவே நீங்கள் ஊற்ற வேண்டியது 300 கிராம் மட்டும். இந்தக் கழித்தலை மறந்தால் நீர்-சிமென்ட் விகிதம் 0.4-லிருந்து 0.5-க்குத் தாவிவிடும், எந்தத் துளையை அடைக்க லேட்டக்ஸ் போட்டீர்களோ, அந்தத் துளையை நீங்களே பெரிதாக்கியிருப்பீர்கள்.

அந்த 300 கிராம் தண்ணீரில் மாதிரி உப்புகளைக் கரையுங்கள். பிறகு ஜியோலைட்டைப் போட்டு ஒரு நாள் இரவு முழுக்க அப்படியே விடுங்கள். சிமென்ட் வருவதற்கு முன்பே சீசியம் ஜியோலைட்டுக்குள் போய்ச் சேர வேண்டும். பிறகு வந்தால் சிமென்டின் பொட்டாசியமும் கால்சியமும் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். மறுநாள் லேட்டக்ஸ், ஓரிரு சொட்டு நுரையடக்கி, கடைசியாகச் சிமென்டைக் கொஞ்சம் கொஞ்சமாக. மெதுவான வேகத்தில் கலக்குங்கள். வேகமாகச் சுற்றினால் லேட்டக்ஸ் மோர் கடைந்தது போல நுரைக்கும். அந்தக் காற்றுக்குமிழி எல்லாம் கல்லுக்குள் ஓட்டையாக நிற்கும்.

பதம்? கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் இட்லி மாவு மாதிரி விழ வேண்டும். 5 செ.மீ. விட்டம், 5 செ.மீ. உயரமுள்ள பிளாஸ்டிக் அச்சில் ஊற்றித் தட்டுங்கள். மறுநாள் மேலே தண்ணீர் நிற்கக் கூடாது. அமெரிக்க விதியில் இப்படிக் கெட்டியாக்கிய கழிவுக்கு அனுமதி கன அளவில் 0.5 விழுக்காடு. நான் ஒரு சொட்டைக்கூட ஒப்புக்கொள்வதில்லை.

கழிவு இல்லாத வெற்று உருளை மூன்றையும் கூடவே வார்த்துவிடுங்கள். ஏன் என்று படி 6-இல் தெரியும்.

படி 5: பதப்படுத்தல்

சிமென்டுக்கு ஈரம் வேண்டும், லேட்டக்ஸுக்கு உலர்ச்சி வேண்டும். மாமியார் மருமகள் கதைதான். முதல் இரண்டு மூன்று நாள் ஈரச் சாக்கில் சுற்றி வையுங்கள், அப்புறம் 28-ஆம் நாள் வரை அறைக் காற்றில் விடுங்கள். முழு மாதமும் தொட்டியில் மூழ்கடித்தால் ரப்பர்ப் படலம் சரியாகக் கட்டாது.

படி 6: தண்ணீரில் போட்டுப் பார்த்தல்

மற்றதெல்லாம் தயாரிப்பு, பரீட்சை இதுதான்.

உருளையின் மேற்பரப்பு சுமார் 118 சதுர செ.மீ. அமெரிக்காவின் ANSI/ANS-16.1 என்ற கசிவுச் சோதனைத் தரமுறைப்படி மேற்பரப்பைப் பத்தால் பெருக்கிய அளவு தண்ணீர், அதாவது 1180 மி.லி. அயனி நீக்கிய நீர் வேண்டும். கண்ணாடியைத் தவிர்த்துப் பிளாஸ்டிக் ஜாடி எடுங்கள். உருளையை நைலான் நூலில் கட்டி நடுவில் தொங்கவிடுங்கள், எல்லாப் பக்கமும் நீர் பட வேண்டும். நீரை முழுதாக மாற்ற வேண்டிய நேரங்கள்: 2, 7, 24 மணி, பிறகு 2, 3, 4, 5-ஆம் நாள்கள், நீண்ட சோதனை என்றால் 19, 47, 90-ஆம் நாள்கள். ஒவ்வொரு முறையும் எடுத்த நீரில் சில சொட்டு நைட்ரிக் அமிலம் விட்டு, உப்பின் அளவைக் கருவியில் அளக்க வேண்டும்.

வெற்று உருளை இங்கே தேவைப்படும். சிமென்டிலேயே இயற்கையாகக் கொஞ்சம் ஸ்ட்ரான்ஷியம் உண்டு. அதைக் கழிக்காவிட்டால் உங்கள் கலவை தேவையில்லாமல் கெட்ட பெயர் வாங்கும்.

கணக்கு ஒன்று போட்டுக் காட்டுகிறேன். 24-ஆம் மணியிலிருந்து 48-ஆம் மணிக்குள் மொத்தச் சீசியத்தில் 0.002 பங்கு வெளியே வந்தது என்று வைத்துக்கொள்வோம். அதை 86,400 வினாடியால் வகுத்து வர்க்கப்படுத்துங்கள். உருளையின் கன அளவை மேற்பரப்பால் வகுத்தால் 0.833 செ.மீ.; அதையும் வர்க்கப்படுத்திப் பெருக்குங்கள். பிறகு சராசரி நேரம்: தொடக்க, முடிவு நேரங்களின் வர்க்கமூலங்களுக்குச் சராசரி எடுத்து வர்க்கப்படுத்தினால் சுமார் 1,25,900 வினாடி. எல்லாவற்றையும் பை என்ற எண்ணால் பெருக்கினால் 1.5 × 10⁻¹⁰ செ.மீ²/வினாடி. இது பரவல் குணகம். இதன் பத்தடி மடக்கையில் குறியை மாற்றினால் 9.8, இந்த இடைவெளிக்கான கசிவுக் குறியீடு. எல்லா இடைவெளிகளுக்கும் கண்டு சராசரி எடுக்க வேண்டும்.

அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் தன் 1991 ஆவணத்தில் கேட்ட குறைந்தபட்சம் 6. அது போதுமா? 6 என்றால் 30 ஆண்டில் சீசியம் பரவும் தூரம் சுமார் 31 செ.மீ. 200 லிட்டர் டிரம்மின் ஆரமே அதைவிடச் சற்றுக் குறைவு. குறியீடு 10 ஆக இருந்தால் அதே 30 ஆண்டில் 3 மில்லிமீட்டர். 6-ஐத் தாண்டிவிட்டோம் என்று இனிப்பு வழங்கும் ஆய்வேடுகளைப் பார்க்கும்போது இந்தக் கணக்குதான் எனக்கு ஞாபகம் வரும்.

படி 7: மற்ற பரீட்சைகள்

அமுக்கு வலிமை 3.4 மெகாபாஸ்கல் இருந்தால் போதும் என்கிறது அதே ஆவணம். இந்தக் கலவை அதைப் பலமடங்கு தாண்டும். முக்கியமானது, 90 நாள் நீரில் கிடந்த பிறகும் அந்த வலிமை நிற்கிறதா என்பது. என் பழைய உருளை விழுந்தது அங்கேதான். மைனஸ் 40-லிருந்து 60 டிகிரி வரை 30 சுற்று வெப்பச் சோதனையும் உண்டு. நம் ஊருக்கு எதற்கு என்று தோன்றும், ஆனால் ரப்பருக்கும் சிமென்டுக்கும் இடையே விரிவு ஒத்துப்போகிறதா என்று அது காட்டிக்கொடுக்கும். கதிர்ச் சோதனைக்கு 10 லட்சம் கிரே (பொருள் உள்வாங்கும் கதிரின் அலகு). மணிக்கு 2 கிலோகிரே தரும் காமா அறையில் 500 மணி நேரம், அதாவது மூன்று வாரம். எடுத்ததும் மறுபடி கசிவுச் சோதனை. கதிர்பட்ட பாலிமர்தான் 300 ஆண்டு நிற்க வேண்டியது, புதுப் பாலிமர் இல்லை.

படி 8: உருளையிலிருந்து டிரம்முக்கு

உள்ளங்கை உருளையில் வந்த வெற்றியை நம்பி நேராக டிரம்முக்குப் போகாதீர்கள். சிறிய உருளை தன் சூட்டைக் காற்றில் விட்டுவிடும். 200 லிட்டர் டிரம்மின் நடுவில் சூடு தங்கும். சிமென்டில் 70 டிகிரியைத் தாண்டினால் பின்னாளில் எட்ரிங்கைட் தாமதமாக வளர்ந்து பிளக்கும் அபாயம் உண்டு. லேட்டக்ஸ் கலவையும் கொதிக்கும் முன்பே கட்டிதட்டும். கசடோ சாம்பலோ சேர்த்துச் சிமென்டைக் குறைப்பதுதான் வழி. வெப்பமானிக் கம்பி மூன்று, நடுவில் ஒன்று, பாதி ஆரத்தில் ஒன்று, விளிம்பில் ஒன்று என்று புதைத்து, முதல் மூன்று நாள் பதிவு செய்யுங்கள்.

ஜல்லி, மணல் போடுவதாக இருந்தால் அதன் பூர்வீகத்தையும் பாருங்கள். பெல்ஜியத்தின் டூல் மின்நிலையக் கழிவு டிரம்களில் ஆண்டுகள் கழித்து மஞ்சள் பசை வழிவதை 2013-இல் கண்டார்கள். கழிவின் காரமும் ஜல்லியின் சிலிக்காவும் வினைபுரிந்ததன் விளைவு.

கடைசியாக, கதிர் இல்லாத மாதிரிக் கழிவை வைத்து ஒரு முழு டிரம்மை வார்த்து, 28 நாள் கழித்து வைர ரம்பத்தால் நெடுக்காக அறுங்கள். ரெசின் மணிகள் இலேசானவை. கலவை நீர்த்திருந்தால் அவை மேலே மிதந்து பாயசத்து முந்திரி மாதிரி ஓரிடத்தில் சேர்ந்திருக்கும். கலக்கித் துடுப்பின் நிழலில் உலர்ந்த சிமென்ட் உருண்டைகள் ஒளிந்திருக்கும். பிறகு ஒரு குவளைத் தண்ணீரை அறுத்த முகத்தில் ஊற்றிவிட்டுப் பத்து நிமிடம் காத்திருங்கள். முகம் காய்ந்து வெளுக்கும். விரிசல் இருக்கும் இடத்தில் மட்டும் ஈரம் மயிரிழைக் கோடாகக் கறுத்து நிற்கும். அதைப் பென்சிலால் தடம் வரைந்து, டிரம் எண்ணும் தேதியும் எழுதி, படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.